பதினொரு பச்சைச் சாரிகள்

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் கிருஷாந்தின் காமராவுக்குத் தப்பித் தாலி ஏறிய கழுத்து ஒன்று இருந்தால், அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்சிக்கு விடலாம். பன்னிரண்டு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறான். தோட்டத்துத் தாலி, டவுன் முஸ்லிம் வீட்டுக் காவின் எழுத்து, சிங்கள வீட்டுப் போருவை மேடை, எதையும் விட்டதில்லை. பாயாசமும் வட்டிலப்பமும் கிரிபத்தும் சண்டை சச்சரவு இல்லாமல் கூடி வாழும் ஒரே இடம் அவனுடைய தொப்பைதான்.

வயது முப்பத்து நான்கு. "மாப்பிள்ளை, இங்க பாருங்க" என்று ஒரு இலட்சம் தடவையாவது சொல்லியிருப்பான். அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவனிடம் ஒரு கோளாறு உண்டு. ஆட்களை அவனுக்கு ஆட்களாகத் தெரியாது. பஸ்ஸில் யாராவது வணக்கம் சொன்னால் ஆந்தை மாதிரி முழிப்பான். அந்த ஆள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால்தான், "ஆ, குரூப் போட்டோவுல இடப்பக்கம் மூணாவதா நின்னவருதானே" என்பான். கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் இன்னும் மோசம். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் மனிதர்கள். மற்றதெல்லாம் வெளிச்சம், நிழல், இடைஞ்சல்.

ஆனால் ஒரு ரகசிய சந்தோஷமும் உண்டு. கல்யாண அல்பத்துக்கு ஆகாத படங்களைத் தனக்கென்று எடுப்பான். அலங்காரம் முடிந்த பொண்ணு அலுமாரியில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குவது. வேட்டி கட்டிப் பழக்கமில்லாத மாப்பிள்ளை வாழை மரத்துக்குப் பின்னால் நடந்து பழகுவது. அப்பாக்காரர் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, சட்டிக்கு அடியில் இருப்பதை நின்றுகொண்டே சாப்பிடுவது. இப்படி ஒன்று அகப்பட்டால் தனியாகச் சிரித்துக்கொள்வான். கூட வீடியோ எடுக்கும் ஹலீமுக்கு, பையன் காலையிலேயே ஏதோ ஊற்றிவிட்டான் என்று சந்தேகம் வரும்.

பெல்மதுளைக்கு மேலே கொட்டவலைத் தோட்டத்தில் காவல்காரர் கந்தையாவின் மகளுக்குக் கல்யாணம். கிருஷாந்தும் ஹலீமும் விடிவதற்கு முன்பே போய்விட்டார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரத்தினபுரி மழை விடுவது என்றால், அடுத்த மழைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது என்று அர்த்தம். பந்தலுக்குப் போகும் பாதையில் சேறு முழங்கால் வரைக்கும், அட்டை கழுத்து வரைக்கும்.

பொண்ணு ஜோடிக்கும் காம்பரா அறைக்குள் வழக்கம்போல் கிருஷாந்தின் அதிகாரம் பறந்தது. தோழிப் பெண்ணைப் பின்னுக்குத் தள்ளினான், முன்னுக்கு இழுத்தான், நிழல் விழுகிறது என்று சுவரோடு ஒட்டவைத்தான். எட்டு மணிக்குள் நானூறு படம். எல்லாமே நல்ல படம். எட்டே காலுக்குத்தான் போன் அடித்தது.

கொட்டவலையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஓடிப் போய் நின்றான். பேசியது அவனுடைய அம்மா வெள்ளையம்மா. இறப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். அவள் இந்த மரத்தடியில் கூப்பிட்டால் மூன்றாவது மலையில் வேலை செய்கிறவர்கள் "என்னாக்கா" என்பார்கள். போன் அவளுக்கு ஒரு மரியாதைக்குத்தான்.

"தம்பி, தலை சீவியிருக்கியா?" என்றாள், எடுத்த எடுப்பில்.

அப்புறம் விஷயம் மளமளவென்று கொட்டியது. அவளோடு பால் வெட்டும் கருப்பாயி ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருந்தாள். பொண்ணு கொட்டவலையில் பிள்ளைக் காம்பராவில் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இதுவரை மூன்று பேர் பொண்ணு பார்க்க வந்து போயிருந்தார்கள். முதல் ஆள் வடையைத் தின்றுவிட்டு உயரம் போதாது என்றான். இரண்டாவது ஆள் கேசரியைத் தின்றுவிட்டு ஜாதகம் சரியில்லை என்றான். மூன்றாவது ஆள் இரண்டையும் தின்றுவிட்டுப் போனவன்தான், இன்னும் வாய் திறக்கவில்லை. அதனால் இந்தத் தடவை பொண்ணு சொல்லிவிட்டாளாம்: தட்டும் வேண்டாம், வடையும் வேண்டாம். அவர் வேலை செய்யும் இடத்தில் நான் அவரைப் பார்க்கிறேன், சாயந்தரம் பதில் சொல்கிறேன், அவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

வெள்ளையம்மா கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தாள். ஓட்டைச் சிரட்டையில் பால் நின்றாலும் நிற்கும், வெள்ளையம்மாவின் வாயில் ரகசியம் நிற்காது. எட்டே கால் வரைக்கும் அவள் பொறுத்ததே தோட்டத்து வரலாற்றில் எழுத வேண்டிய விஷயம்.

"இதுதான்டா கடைசி. இதுவும் போச்சுன்னா நான் இனிமே எவ காலுலயும் போய் விழ மாட்டேன்" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். இறக்கிய குரல் பக்கத்து டிவிஷனுக்கு மட்டும் கேட்டிருக்கும். "பச்ச சாரி கட்டியிருக்குமாம்."

பெயர் என்ன என்று கேட்டான் கிருஷாந்த்.

"பேரச் சொன்னா ஒங்கிட்ட ஒளறிருவேன்னு அந்தக் கருப்பாயி சொல்ல மாட்டேங்குறாடா. என்னையப் பாத்து எப்புடிச் சொல்றா பாரு."

பச்சைச் சாரி. இதில் என்ன கஷ்டம், பந்தலுக்குள் போனால் தெரிந்துவிடும் என்று நினைத்தான். தலையைக் கையால் சீவினான். தொப்பையை உள்ளே இழுத்தான். அது பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. பந்தலுக்குள் கால் வைத்தான்.

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் பொண்ணுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே கடையில், ஒரே நிறத்தில் துணி எடுத்து ஒரே மாதிரி உடுத்துகிறார்கள். போட்டோவுக்கு அழகு என்று இந்தப் பழக்கத்தை நாலு தோட்டத்தில் பரப்பியவனே கிருஷாந்த்தான். பந்தலில் பச்சைச் சாரிகள் வரிசையாக நின்றன. எண்ணினான். பதினொன்று. சந்தேகம் தீர இன்னொரு தடவை எண்ணினான். அப்போதும் பதினொன்று.

அந்த நிமிடத்திலிருந்து அவன் வேலை பார்க்கிற ஆள் இல்லை. வேலை பார்ப்பது போல் நடிக்கிற ஆள். சும்மா நின்று எடுக்கும் படத்துக்கு ஒரு காலை மடித்து உட்கார்ந்தான். தேவையில்லாமல் ஒரு கண்ணை மூடி ஆகாயத்தை அளந்தான். யானைத் தும்பிக்கை நீளத்தில் ஒரு லென்ஸ் வைத்திருந்தான். யானை வந்தால்தான் அதை வெளியே எடுப்பான். அன்றைக்கு அதை மாட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றினான்.

முதல் பச்சைச் சாரி தானாக வந்து பேசியது. "அங்கிள், எங்கள ஒரு குரூப் எடுங்களேன்" என்றது. அங்கிள் என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தினாலும், ஒருவேளை சோதித்துப் பார்க்கிறாளோ என்று பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தான். இரண்டாவது பச்சைச் சாரி சோறு எத்தனை மணிக்கு என்று கேட்டது. இதுவும் சோதனையோ? தெரியாது என்றால் பொறுப்பில்லாதவன், தெரியும் என்றால் சோத்துப் பண்டாரம். மூன்று நிமிடம் யோசித்துவிட்டு, "பசிக்குதுங்களா?" என்று கேட்டான். அது ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாவது பச்சைச் சாரி தூரத்தில் நின்று அவனையே பார்த்தது. இமைக்காமல் பார்த்தது. பிறகு மெதுவாகத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டியது. கிருஷாந்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கழுத்தைக் காட்டினால் என்ன அர்த்தம்? தாலி! இவ்வளவு தைரியமான பொண்ணா என்று லென்ஸை அவள் பக்கம் திருப்பினான். பக்கத்தில் வந்த ஹலீம் அவனுடைய கழுத்திலிருந்து கொழுத்த அட்டை ஒன்றைப் பிய்த்து எறிந்தான்.

"மச்சான், ஒனக்கு என்ன நடந்தீக்கி இண்டைக்கு?" என்றான் ஹலீம். "அட்டை அரை போத்தல் குடிச்சீக்கி, ஒனக்கு வெளங்கல்லியா?"

கிருஷாந்த் விஷயத்தைச் சொன்னான். ஹலீம் பதினொரு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கும் குழம்பியது. இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களைக் கழித்துவிடு என்றான். மூன்று பேருக்குத் தாலி இருக்கிறது என்றான். ஆக ஆறு. ஆனால் பச்சைச் சாரிகள் ஓர் இடத்தில் நின்றால்தானே? கழித்த ஒன்று வடக்கே போகும், கழிக்காத ஒன்று தெற்கே வரும். கூட்டத்தில் கலந்து மீண்டும் வந்தால் பதினொன்றும் பதினொன்றாகவே இருந்தன.

பத்தே முக்காலுக்கு முகூர்த்தம். மணவறையில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று. ஹலீம் தன் வீடியோவைப் பக்கவாட்டில் நிறுத்திக்கொண்டான். கிருஷாந்த் மணவறைக்கு நேர் முன்னால் மண்டியிட்டான். அவனுக்குப் பின்னால், கையில் அட்சதையோடு பதினொரு பச்சைச் சாரிகளும் வந்து ஒன்றாக, ஒரே வரிசையாக நின்றன.

இங்கேதான் அவன் புத்தி பேதலித்தது. அட்சதை போடும்போது யார் மணவறையைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாளோ அவள்தான், என்று தோன்றியது. இவ்வளவு சுலபமான வழியை இவ்வளவு நேரம் யோசிக்காமல் விட்டோமே என்று சந்தோஷமாகத் திரும்பினான். தும்பிக்கை லென்ஸை உயர்த்தினான்.

பூசாரி கையைத் தூக்கினார். கெட்டி மேளம் பொழிந்தது. தோட்டத்து ஆபீஸில் வேலை செய்யும் சிங்கள ஐயா ஒருவர் முன் வரிசையில் இருந்து, "மல்லி, மெஹெ பலன்ன, மெஹெ" என்று மணவறையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இங்கே பாரடா தம்பி என்று அந்த மனுஷன் தொண்டை கிழியச் சொன்னது மேளத்தில் கரைந்துவிட்டது. கிருஷாந்த் நொடிக்கு எட்டுப் படமாக எடுத்துத் தள்ளினான். பதினொரு பேரும் மணவறையைத்தான் பார்த்தார்கள். ஒருத்தியும் அவனைப் பார்க்கவில்லை.

மேளம் நின்றது. அவன் திரும்பினான். பொண்ணின் கழுத்தில் தாலி இருந்தது.

பன்னிரண்டு வருடத்தில் காமராவில் மழை விழுந்திருக்கிறது, ஆடு மோதியிருக்கிறது, ஒரு தடவை மாப்பிள்ளையே மயங்கி விழுந்திருக்கிறார். தாலி முடிச்சு மட்டும் தப்பியதில்லை. இப்போது அறுபத்து மூன்று படம் இருக்கிறது, அறுபத்து மூன்றிலும் பச்சைச் சாரிதான். மாலையை இன்னொரு தடவை போடச் சொல்லலாம், மோதிரத்தை ஒன்பது தடவை மாட்டச் சொல்லலாம். கட்டிய தாலியை அவிழ்த்துக் கட்டச் சொன்னால் பூசாரி உடுக்கையாலேயே அடிப்பார்.

ஹலீம் அவனைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். வீடியோவில் முடிச்சு விழுந்திருக்கிறது, அதிலிருந்து ஒரு படத்தைப் பிடுங்கி அல்பத்தில் போட்டுவிடலாம், வாயை மூடிக்கொண்டு இரு என்றான். ஓட்டிக் காட்டினான்.

முடிச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிருஷாந்த் உட்கார்ந்திருந்தான். முடிச்சுக்குப் பின்னால் பொண்ணின் மாலையையும் சடையையும் தூக்கிப் பிடித்தபடி இரண்டு கைகள். கைகளில் பச்சை ஜாக்கெட்.

ஹலீம் படத்தை நிறுத்தினான். "இது யாரு?"

"அது தோழிடா."

"பச்சை சாரி."

"தோழிதானே."

"தோழி எண்டா ஆள் இல்லியா?" என்றான் ஹலீம்.

கிருஷாந்துக்குக் காலையிலிருந்து அந்தத் தோழிக்கு முன்னால் தான் பேசியது எல்லாம் ஊர்வலமாக வந்தது. தோழி, தள்ளுங்க. தோழி, கை மறைக்குது. தோழி, ஒங்க நெழலு பொண்ணு மூஞ்சில விழுது. கடைசியாக, தோழி, நீங்க கொஞ்ச நேரம் வெளியில நின்னீங்கன்னா காம்பராவே வெளிச்சமாயிரும். விளக்கை நகர்த்துவது மாதிரி நகர்த்தியிருந்தான். விளக்கையாவது கொஞ்சம் கவனமாகத் தூக்குவான்.

அதைவிட மோசமாக இன்னொன்று. தோழி நின்றது மணவறையில், அவனுக்கு நேர் எதிரே. தாலி ஏறும்போது படக்காரன் பச்சைச் சாரிகளைத் தேடிக்கொண்டிருந்ததை அந்தத் தோட்டத்தில் வேறு யார் பார்த்திருக்காவிட்டாலும் அவள் பார்த்திருப்பாள். திரும்பி உட்கார்ந்து ஒழுங்காக வேலையைப் பார்த்திருந்தால் தாலியும் அகப்பட்டிருக்கும், அவளும் அகப்பட்டிருப்பாள்.

உண்மையைச் சொன்னால் இவன் ஒரு பொறுக்கி என்று ஆகும். மறைத்தால் பொய்யன் என்று ஆகும். எது கொஞ்சம் நல்லது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பந்தலுக்குப் பின்னால் மூன்று தடவை நடந்தான். நான்காவது தடவை கால் தானாக மணவறைப் பக்கம் போய்விட்டது. ஹலீம் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டைப் பொத்தான் ஒன்று அவன் கையோடு போனது.

கந்தையா மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மறு பக்கத்தில் ஆலாத்தித் தட்டோடு தோழி. கிருஷாந்த் அவள் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அய்யா, தாலி கட்டுறத நான் எடுக்கலைங்க. தவறிப்போச்சு. ஹலீம் வீடியோவுல இருக்கு, ஆனா அதுல நானும் இருக்கேன்."

கந்தையாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. பிறகு நிதானமாக, அந்த நேரத்தில் அப்படி எதைத்தான் எடுத்தாய் என்று கேட்டார்.

இதற்கு ஆயிரம் பதில் சொல்லலாம். காமரா நின்றுவிட்டது எனலாம், பெட்டரி முடிந்தது எனலாம். கிருஷாந்தின் வாயில் வந்தது ஒன்றுதான். "பச்ச சாரிங்கள எடுத்தேன்யா. ஒரு ஆளத் தேடினேன். தப்புத்தான்."

முதலில் சிரித்தது கல்யாணப் பொண்ணு. தாலி கட்டிய அரை மணித்தியாலத்தில் இவ்வளவு சத்தமாகச் சிரித்த பொண்ணைக் கொட்டவலை அதற்கு முன் கண்டதில்லை. அந்த வீடியோவைக் கொண்டு வாருங்கள் என்றாள். பார்த்தாள். மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "இந்தப் படத்தையே போடுங்கண்ணே, இந்த மூஞ்சியோடயே பெருசாப் போடுங்க" என்றாள். கந்தையா மட்டும் சிரிக்கவில்லை. தாலி ஏறியதா இல்லையா என்று பூசாரியிடம் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, சரி, போய் மிச்ச வேலையையாவது ஒழுங்காகப் பார் என்று அனுப்பினார்.

தோழி சிரித்தாளா என்று கிருஷாந்துக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. மிச்ச நேரமெல்லாம் அவள் படத்துக்குள் வந்தால் தள்ளச் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். அதனால் அந்தக் கல்யாணத்தின் பின்பாதிப் படங்கள் எல்லாவற்றிலும் தோழி நடுவில் இருக்கிறாள். பொண்ணும் மாப்பிள்ளையும் ஓரத்தில் இருக்கிறார்கள்.

மூன்று மணிக்குச் சாமான்களைக் கட்டினார்கள். வெள்ளையம்மா இதற்குள் நாற்பது தடவை அடித்திருப்பாள் என்று நினைத்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் போனான். நாற்பத்தேழு தடவை அடித்திருந்தாள். தாங்கிக் குழாயில் அந்தத் தோழி ஆலாத்தித் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தான். கால் சேற்றில் புதைந்திருந்தது.

"என் பேரு கலைச்செல்வி" என்றாள் அவள், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "தோழி இல்ல."

"ஆமாங்க" என்றான். பிறகு, "இல்லைங்க" என்றான். எது சரி என்று தெரியவில்லை.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"அம்மா."

"எத்தன மணிக்கு?"

"எட்டே காலுக்கு."

அவள் தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "நான் நெனச்சேன். அதுக்கு முன்னுக்கு நீங்க ஒருத்தரையும் பாக்கல. வேலையத்தான் பாத்தீங்க. என்னைய அந்த வெரட்டு வெரட்டினீங்க, கோவமும் வந்துச்சு, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஆளு சரின்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்குப் பொறகு கூத்து ஆரம்பிச்சிருச்சு. எனக்கும் கொழம்பிப்போச்சு. தாலி கட்டையில நீங்க திரும்பினீங்க பாருங்க, அப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்."

கிருஷாந்த் தலையாட்டினான். அது நியாயம்தான் என்று அவனுக்கே பட்டது.

"இப்பங்க?" என்றான், இருந்தும்.

"மறச்சிருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு முன்னுக்கே வந்து சொல்லிட்டீங்க."

இதற்கு என்ன அர்த்தம்? சரி என்றா, வேண்டாம் என்றா, இன்னும் குழப்பம் என்றா? கேட்கலாமா, கேட்டால் கெட்டுப்போகுமா? அவன் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதற்குள் கையில் இருந்த போன் அடித்தது. நாற்பத்தெட்டாவது தடவை. எடுத்தான். காதில் வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"என்னடா ஆச்சு? அந்தப் புள்ள என்னா சொன்னுச்சு? வாயில என்னடா, கொழுக்கட்டையா? சொல்லித் தொலைடா" என்று தாங்கித் தண்ணீர் அலையடிக்கும்படி வெள்ளையம்மா கத்தினாள்.

கலைச்செல்வி ஈரக் கையைச் சாரியில் துடைத்தாள். அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அத்தை" என்றாள். "நான்தான் பேசுறேன்."

தோட்டத்தில் மூத்த பொம்பளையைக் கூப்பிட வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அக்கா இருக்கிறது, அம்மா இருக்கிறது, இப்போது ஆன்ட்டியும் வந்துவிட்டது. அத்தையை மட்டும் ஒரு குமரிப்பிள்ளை வழியில் போகிற யாருக்கும் கொடுத்துவிட மாட்டாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூன்று மலைக்குக் கேட்கும் அந்தக் குரல், பக்கத்தில் நிற்கும் கிருஷாந்தின் காதுக்குக் கூடக் கேட்கவில்லை. கிருஷாந்த் பயந்துபோய்த் தாங்கியைச் சுற்றி இரண்டடி இந்தப் பக்கமும் இரண்டடி அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தான்.

"சிக்னல் போயிருச்சுங்களா?"

கலைச்செல்வி போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். தலையை ஆட்டினாள்.

"இருக்கு" என்றாள். "அழுவுறாங்க."